பதினான்கு ‘ஓம்’களும் ஒரு பாடும்: திருகோணமலை மாணவி ஒருவரின் முதல் நேர்காணல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஏப்ரல் முதல் ஜூலை வரை திருகோணமலை நகரில் சனிக்கிழமை தோறும் செய்தி எழுதுவதற்கும் நேர்காணல் எடுப்பதற்கும் ஒரு தொடக்கநிலைப் பயிற்சி நடத்தினோம். 17 பேர் சேர்ந்தார்கள். பயிற்றுநர் மூவர், நான் அவர்களில் ஒருவன், அதற்கு முன் பல ஆண்டுகள் பிரதேச நிருபராக இருந்தவன். இந்த ஆய்வில் வரும் எவருடைய பெயரையும் எழுதவில்லை. கடற்கரையின் பெயரையும் விட்டுவிட்டேன். நகருக்கு வடக்கே ஒரு கரை என்பது போதும்.

மாணவிக்கு 22 வயது. தம்பலகாமம் பக்கத்து விவசாயக் குடும்பம். கண்டி வீதி பஸ்ஸில் வந்து எல்லோருக்கும் முன்பாக மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். எழுத்துப் பிழை விடமாட்டார், கொடுத்த வேலையை ஒரு நாள் முன்னதாகவே தருவார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பின்னால் நடந்த தவறு அலட்சியக்காரி ஒருத்தியின் தவறு அல்ல.

முதல் நாள் வகுப்பில் 2006 ஐப் பற்றிப் பேசினோம். திருகோணமலையில் செய்தித்துறையைப் படிப்பிக்கும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்ததாக முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் உடல்களில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் இந்த நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நாங்கள் அவருடைய துணிவைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம். அவர் செய்த வேலையைப் பற்றி, அதாவது சொல்லப்பட்டதை எழுதிக்கொண்டு திரும்பாமல் கிட்டப் போய்க் காயத்தைப் பார்த்தார் என்பதைப் பற்றி, இரண்டு வரிதான் சொன்னோம். மாணவர்களில் பலர் அன்று வீட்டுக்குக் கொண்டுபோனது, செய்தி என்றால் யாரையாவது குற்றம் சாட்டுவது என்ற எண்ணத்தை. இந்த நிகழ்வின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த நான்கு வாரங்களில் வழக்கமான அடிப்படைகள்: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு வினாக்கள், முக்கியமானதை முதலில் வைக்கும் தலைகீழ்ப் பிரமிட் அமைப்பு, நேர்க்கூற்று, அயற்கூற்று, ஒலிப்பதிவு. ஐந்தாவது வாரம் ஒவ்வொருவருக்கும் ஒரு களப் பணி. இந்த மாணவிக்குக் கிடைத்த தலைப்பு ‘கரைவலைத் தொழில் இன்று’, அதாவது கடலில் பாய்ச்சிய வலையைக் கரையில் நின்று இழுக்கும் மீன்பிடி. வயற்காட்டுப் பிள்ளைக்குக் கடல், கடற்கரைப் பிள்ளைக்குக் குளம் என்று மாற்றிக் கொடுத்திருந்தோம். பழகாத இடத்தில்தான் கேள்வி கேட்கத் தோன்றும் என்பது எங்கள் கணக்கு.

நல்ல கட்டுரைகள் நாங்கள் வெளியிடும் நான்கு பக்கச் செய்தி மடலில் வரும். 300 பிரதி அச்சிட்டு நூலகங்களுக்கும் சங்கங்களுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் கொடுப்போம்.

முதல் நேர்காணல்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்த நேரம். மீனவர் குடிசையான வாடி ஒன்றின் நிழலில், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். எழுபதைத் தொட்ட வயது. மாணவி போய், “படிப்புக்காகக் கொஞ்சம் கேட்க வேண்டும் ஐயா” என்றார். “கேள் பிள்ளை” என்றார் அவர். அச்சில் வரும் என்று மாணவி சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் விட்டதல்ல. சொல்ல வேண்டும் என்று நாங்கள் படிப்பிக்கவில்லை.

கொப்பியில் 12 கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தார். முதல் மூன்றும் பெயர், வயது, எத்தனை வருடத் தொழில். நான்காவதிலிருந்து ஒன்பதாவது வரை எல்லாம் சுருக்குவலை, அதாவது படகிலிருந்து மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் வலை. முந்தின இரவு கைத்தொலைபேசியில் பழைய செய்திகளைத் தேடி வாசித்திருக்கிறார். சுருக்குவலைத் தகராறு இந்தக் கரைக்குப் புதியதல்ல: கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வளைக்கலாம், வலைக் கண் எவ்வளவு இருக்கலாம், யாருக்கு அனுமதி இருக்கிறது என்று வருடா வருடம் போராட்டமும் பேச்சுவார்த்தையும் நடக்கும். தேடினால் முதலில் வருவதும் அதுதான். ஆகவே கரைக்குப் போகும்போதே மாணவியின் கையில் விடை இருந்தது. அதற்கு ஒரு சாட்சிதான் தேவைப்பட்டது.

21 நிமிடத்தில் நேர்காணல் முடிந்தது. ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அச்சேறிய செய்தி

அடுத்த சனிக்கிழமை வந்த மடலின் முதற்பக்கத்தில் இப்படி இருந்தது:

“சுருக்குவலையால் வாழ்வாதாரம் பாதிப்பு: கரைவலை மீனவர்கள் விசனம். சட்டவிரோதச் சுருக்குவலை மீன்பிடியால் தமது வாழ்வாதாரம் முற்றாகப் பாதிக்கப்பட்டுள்ளதாகத் திருகோணமலை மாவட்டக் கரைவலை மீனவர்கள் விசனம் தெரிவிக்கின்றனர்.”

மூன்றாவது பந்தியில் பெரியவரின் பெயரோடு ஒரு நேர்க்கூற்று: “‘நாங்கள் படும் பாடு சொல்லி முடியாது’ என அவர் தெரிவித்தார்.”

இந்த முகப்பு வசனத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு மனிதர் ‘மாவட்ட மீனவர்கள்’ ஆகியிருக்கிறார். ‘முற்றாக’ என்பதை யாரும் சொல்லவில்லை. ‘சட்டவிரோத’ என்பது மாணவி இணையத்தில் வாசித்த செய்தியில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்த சொல். எந்தப் படகு, எந்த வலை, எந்த அனுமதி என்ற விவரம் எதுவும் இல்லாமல் ஒரு தொழிலையே அது சட்டத்துக்கு வெளியே தள்ளுகிறது. மிச்சம் இருப்பது ‘விசனம்’. எங்கள் பிரதேசச் செய்திகளில் இந்தச் சொல் படும் பாட்டைப் பற்றித் தனியே எழுதலாம். வீதி உடைந்தால் மக்கள் விசனம், தண்ணீர் வராவிட்டால் மக்கள் விசனம், ஆசிரியர் இடமாற்றம் பெற்றால் பெற்றோர் விசனம். யார் விசனப்பட்டார், எத்தனை பேர், என்ன சொன்னார்கள் என்று கேட்க வேண்டிய தேவையை இந்த ஒரு சொல் இல்லாமல் செய்துவிடும்.

அந்தச் சொல்லைப் போட்டது மாணவி அல்ல. நான். அவருடைய தலைப்பு ‘கரைவலைத் தொழில் நலிவு’ என்று இருந்தது. அதில் உயிர் இல்லை என்று மாற்றினேன். ஒலிப்பதிவைக் கேட்கவில்லை. என் சக பயிற்றுநர் ஒற்றுப்பிழை பார்த்தார். அவ்வளவுதான் எங்கள் சரிபார்ப்பு.

முறைப்பாடு

மூன்றாம் நாள் பெரியவரின் மகன் தொலைபேசியில் பேசினார். சத்தம் போடவில்லை, அதுதான் கூடுதலாக உறுத்தியது. மடலின் முதற்பக்கத்தை யாரோ படம் எடுத்துக் கடற்றொழிலாளர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். “அப்பாவைச் சங்கத்தில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்கிறார். என் தங்கையின் கணவர் சுருக்குவலைப் படகில்தான் தொழிலுக்குப் போகிறார். இரண்டு நாளாக அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.”

மாணவியைக் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. “சொன்னார் சேர். ஓம் என்று சொன்னார். பதிவு இருக்கிறது.” எங்கள் பக்கத்தில் ‘ஓம்’ என்றால் ‘ஆம்’.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

முதல் முடிவு: முழுவதையும் எழுது

அன்று மாலை பயிற்றுநர் மூவரும் கூடினோம். ஒருவர், சிறிய மடல்தானே, இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்கள், பேசாமல் இருப்போம் என்றார். இன்னொருவர் உடனே மறுப்பைப் போடச் சொன்னார். மறுப்பு என்றால் மாணவி எழுதியது பொய் என்றாகும். மௌனம் என்றால் பெரியவர் பொய் சொல்கிறார் என்றாகும். இரண்டுக்கும் ஆதாரம் எங்களிடம் இல்லை. மீதமிருந்த 80 அளவான பிரதிகளை விநியோகிக்காமல் நிறுத்தினோம். 21 நிமிடப் பதிவையும் ஒரு சொல் விடாமல், இருமலும் காற்றும் உட்பட, எழுதித் தரும்படி மாணவியிடம் கேட்டோம். தண்டனைபோல் தெரியக்கூடாது என்பதற்காக நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு முழு நாள் ஆயிற்று.

பதிவில் இருந்தது

21 நிமிடத்தில் 12 நிமிடம் மாணவியின் குரல். பெரியவர் ‘ஓம்’ என்ற இடங்கள் 14. அவற்றில் 9 மாணவி கேள்வியை முடிக்காமல் பேசிக்கொண்டிருக்கும்போது வந்தவை. 3, காற்றுக்காகக் கைத்தொலைபேசியைக் கிட்டக் கொண்டு வரலாமா என்பதுபோன்ற கேள்விகளுக்கு. தொழில் பற்றிய கேள்வி முடிந்த பிறகு, அதற்குப் பதிலாகச் சொன்னவை 2: ஒன்று நாற்பது வருடமாகத் தொழில் செய்கிறீர்களா என்பதற்கு, மற்றது கீழே வருவது. முக்கியமான பகுதியை எழுத்துத் தமிழுக்கு மாற்றித் தருகிறேன்:

மாணவி: இந்தச் சுருக்குவலை வந்த பிறகுதானே ஐயா மீன் குறைந்தது, அவர்கள் குஞ்சையும் சேர்த்து அள்ளுவதால்தானே உங்களுக்கு…
பெரியவர்: ஓம், ஓம்.
மாணவி: …பாதிப்பு? அதற்கு அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை, இல்லையா?
பெரியவர்: ஓம்… அது ஒரு பக்கம் இருக்கட்டும் பிள்ளை. எங்களுக்கு இப்போது பாடுதான் பிரச்சினை.
மாணவி: எவ்வளவு காலமாக இந்தப் பிரச்சினை?
பெரியவர்: நாலைந்து வருடம். ஒரு பக்கம் வேலி, மற்றப் பக்கம் படகு. எங்கே நின்று இழுப்பது?
(காற்று)
மாணவி: உங்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா?

எங்கள் ‘ஓம்’ ஒரு விசித்திரமான சொல். தொலைபேசியில் பேசும் எந்தத் தாயையும் கவனித்துப் பாருங்கள்: ஓம், ஓம், ஓம் என்று போய்க்கொண்டே இருக்கும். ‘சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதே அதன் பொருள். வந்த பிள்ளையின் முகத்தை முறிக்கக்கூடாது என்ற மரியாதையும் அதில் இருக்கும். மாணவியும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறார், நானும் அப்படித்தான் பேசுகிறேன். கொப்பியைக் கையில் எடுத்ததும் அதே சொல்லை ஒப்புதல் வாக்குமூலமாக வாசித்துவிட்டோம். அதிலும் ‘தானே’, ‘இல்லையா’ என்று முடியும் கேள்விக்கு எங்கள் ஊரில் ‘இல்லை’ என்று பதில் சொல்வது சண்டைக்கு நிற்பதுபோல. பெரியவர் சண்டைக்கு நிற்கவில்லை. ‘அது ஒரு பக்கம் இருக்கட்டும்’ என்று பண்பாகக் கதவைத் திறந்தார். கதவு திறந்ததை மாணவி காணவில்லை.

அடுத்தது பாடு. கரைவலைக்காரருக்குப் பாடு என்பது இடம்: வலை பாய்ச்சி இழுப்பதற்கென்று வகுத்த கரைத் துண்டு. இன்னாருடைய பாடு, இந்தப் பாட்டுக்கு இத்தனை வலை என்று முறை இருக்கிறது. தம்பலகாமத்தில் பாடு என்றால் கஷ்டம், உழைப்பு. எனவே ‘பாடுதான் பிரச்சினை’ என்று அவர் சொன்னதை மாணவி ‘கஷ்டம்தான் பிரச்சினை’ என்று கேட்டார். அது ஒரு வெற்று வசனமாகத் தோன்றியதால் அழகுபடுத்தி ‘நாங்கள் படும் பாடு சொல்லி முடியாது’ என்று மேற்கோள் குறிக்குள் வைத்தார். அந்த மனிதர் சொன்ன ஒரே செய்தி அந்த இடத்தில் அழிந்துபோயிற்று.

எழுதி முடித்துவிட்டு மாணவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கடற்கரைச் சொல் எனக்கு எப்படித் தெரியும் சேர்?” என்றார். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: “உங்கள் ஊரில் கண்டம் என்றால் வயல். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து ஆசியாக் கண்டம் என்று எழுதினால்?” சிரித்தார். அன்று முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

இரண்டாவது முடிவு: திருத்தமும் திரும்பிப் போவதும்

திருத்தம் போடுவதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் தொழில்சார் ஒழுக்கக் கோவையை வகுப்பில் படிப்பித்தவர்கள் நாங்கள். பிழையை உடனே, தெளிவாகத் திருத்த வேண்டும் என்று அது சொல்கிறது. எங்கே, எப்படி என்பதில்தான் விவாதம். நான்காம் பக்கத்து மூலையில் ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று போடுவது வழமை. பிழை முதற்பக்கத்தில் வந்தது. திருத்தமும் அங்கேதான் வர வேண்டும் என்று முடிவு செய்தோம். வாசகத்தில் ஒரு சொல்லைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். ‘அவர் அவ்வாறு கூறவில்லை என மறுத்துள்ளார்’ என்று முதலில் எழுதியிருந்தோம். அது பந்தை அவர் பக்கம் போடுகிறது. ‘அவர் அவ்வாறு கூறவில்லை. ஒலிப்பதிவை மீண்டும் கேட்டு உறுதிப்படுத்தினோம். பிழை எம்முடையது’ என்று மாற்றினோம். மாணவியின் பெயரைத் திருத்தத்தில் சேர்க்கவில்லை. தலைப்பு என்னுடையது என்பதால் ‘எம்முடையது’ வெறும் சம்பிரதாயம் அல்ல.

யார் திரும்பிப் போவது என்பது கடினமாக இருந்தது. மாணவியை அனுப்புவது அவரைச் சங்கடத்தில் தள்ளும், வேறொருவர் போகட்டும் என்றார் சக பயிற்றுநர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கரையில் அப்போது கோபமும் இருந்தது. நான் பெரியவரின் மகனிடம் முதலில் கேட்டேன். “அந்தப் பிள்ளையே வரட்டும். அப்பா அந்தப் பிள்ளையோடு கோபம் இல்லை” என்றார். மாணவியும் போக விரும்பினார். நான் கூடப் போவது, ஆனால் பேசாமல் நிற்பது என்று ஏற்பாடு.

இரண்டாவது பயணம்

விடியற்காலை ஐந்து மணி. வள்ளம் ஏற்கனவே போய்விட்டது. கயிற்றின் ஒரு தலைப்பு கரையில். வள்ளம் கடலில் அரைவட்டமாக வலையைப் பாய்ச்சிக்கொண்டு மறுபக்கம் வந்து அடுத்த தலைப்பைக் கரை சேர்த்தது. இரண்டு கயிறுகளிலும் ஆட்கள் பிரிந்து நின்றார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகர வேண்டும். அப்போதுதான் மீன் சேரும் பையான மடி நடுவில் வந்து சேரும். முன்பு வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல் கேட்கும் என்றார்கள். அன்று கேட்டது பெரும்பாலும் மூச்சு வாங்கும் சத்தம்.

மாணவி கைத்தொலைபேசியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பெரியவரிடம் போய், “நீங்கள் சொல்லாததை எழுதிவிட்டேன் ஐயா. மன்னிக்க வேண்டும். அச்சில் வரும் என்றும் சொல்லவில்லை” என்றார். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வலை கரையேறும் வரை எங்களை நிற்க வைத்தார். சூடையும் கொஞ்சம் பாரைக் குஞ்சும் வந்தன. மீன் கூடைக்குப் போன பிறகுதான் திரும்பினார்.

“பாடு என்றால் என்ன ஐயா?” என்று மாணவி கேட்டார்.

“அது தெரியாமலா எழுதினாய் மகள்?”

பிறகு ஈர மணலில் கால் பெருவிரலால் கீறிக் காட்டினார். ஒரு நீண்ட கோடு, அது கரை. அதிலிருந்து கடலுக்குள் ஒரு வளைவு, அது வலை. வளைவின் இரண்டு முனைகளிலும் குதிக்காலால் அழுத்தி இரண்டு குழி: “இங்கே பத்துப் பேர், இங்கே பத்துப் பேர்.” பிறகு வலது குழிக்கு மேலே ஒரு குச்சியை நட்டார். “வேலி.” இடது குழிக்கு மேலே ஒரு செருப்பைக் கவிழ்த்து வைத்தார். “படகு.” குழிகள் இரண்டும் மறைந்துவிட்டன. “இனி வலையைச் சின்னதாக வளைக்க வேண்டும். சின்னதாக வளைத்தால் என்ன வரும்?” ஒரு அலை வந்து படத்தைக் கொண்டுபோயிற்று. செருப்பை ஓடிப் பிடித்தது மாணவிதான்.

நான் வகுப்பில் நான்கு வாரம் விளக்கியதைவிட அந்த இரண்டு நிமிடத்தில் அதிகம் இருந்தது. கேள்வி நான்கே சொல்.

அதற்குப் பிறகு மாணவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியிலிருந்து முதல் படகு வரை நடந்து அடி எண்ணினார். அடி ஆளுக்கு ஆள் மாறும் என்று தானே சொல்லி, அடுத்த நாள் இன்னொரு மாணவரோடு அளவு நாடா கொண்டு வந்து அளந்தார். 96 மீற்றர். பாடு முன்பு எங்கே வரை இருந்தது என்று கேட்டபோது பெரியவர் ஒரு தாழைப் பற்றையைக் காட்டினார். இன்னொரு தொழிலாளி அதற்கும் அப்பால் என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டு, இருவரும் ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதிக்கொண்டார்.

ஏனையோரிடம் கேட்டவை

வேலி ஒரு தங்குமிடத்துடையது. பொறுப்பாளர், உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணிக்குள்தான் வேலி இருக்கிறது என்றார், உறுதியைக் காட்டவில்லை. பைபர் படகுக்காரர் ஒருவர், தங்களுக்கும் படகு ஏற்ற வேறு இடம் இல்லை என்றார். பெரியவரின் மருமகனையும் மாணவி சந்தித்தார். இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் இடம் அது. யாரும் போகச் சொல்லவில்லை. அவர் முதலில் கேட்டது, “எங்களைக் கேட்காமல் சட்டவிரோதம் என்று எப்படி எழுதினீர்கள்?” மாணவி அந்த வசனத்தையும் குறித்துக்கொண்டார். சுருக்குவலையால் கரைவலைக்குப் பாதிப்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை. சில காலம் இருக்கலாம், எல்லாக் காலமும் இல்லை என்றார்.

ஆவணம் தேவைப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு அலுவலகங்களுக்கு மாணவி விண்ணப்பித்தார். ஓர் அலுவலகத்திடம், அந்தக் கரையில் பதிவான கரைவலைப் பாடுகள் எத்தனை, எல்லை எது என்று. மற்றதிடம், அந்த வேலிக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா என்று. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலைக்கு அனுமதி வேண்டும். மாணவி முதலில் எழுதிய விண்ணப்பத்தில் ‘வேலி ஏன் அகற்றப்படவில்லை?’ என்று இருந்தது. ‘ஏன்’ என்று கேட்டால் அலுவலகம் கருத்துச் சொல்லத் தேவையில்லை என்று நழுவிவிடும். எந்த ஆவணம், எந்தத் திகதி என்று மாற்றினோம். இதுவும் நேர்காணலின் பாடம்தான், கேட்கப்படுவது கடதாசி என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். முதல் அலுவலகம் 12 ஆம் நாள் ஒரு பட்டியலை அனுப்பியது. சிங்களத்தில் இருந்தது, கந்தளாயிலிருந்து வரும் மாணவர் ஒருவர் மொழிபெயர்த்தார். பாடு பதிவில் இருந்தது, எல்லை விவரம் இல்லை. மற்ற அலுவலகத்திடமிருந்து பதில் இல்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போயிற்று.

இரண்டாவது செய்தியும் விளைவும்

திருத்தம் ஜூன் மடலின் முதற்பக்கத்தில் வந்தது. ஜூலை மடலில் புதிய செய்தி. முகப்பு வசனம்: “நகருக்கு வடக்கே உள்ள ஒரு கரைவலைப் பாட்டில் வலை இழுக்க இப்போது எஞ்சியிருக்கும் இடம் 96 மீற்றர்.” ‘பாட்டில்’ என்று அச்சில் பார்த்ததும் ஒருவர் பாடல் என்று வாசிப்பாரோ என்று பயந்து அடுத்த வசனத்திலேயே பாட்டுக்கு விளக்கம் கொடுத்தோம். நல்ல வேளை, கண்ணாடிப் பாட்டிலுக்கு எங்கள் ஊரில் போத்தல் என்று பெயர். செய்தி முழுவதும் ‘விசனம்’ இல்லை. ‘என்றார்’ ஏழு இடத்தில் வந்தது. ‘எனத் தெரிவிக்கப்படுகின்றது’ ஓரிடத்திலும் வரவில்லை. அச்சுக்கு முன் பெரியவரின் கூற்றுகளை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டினோம். ஒரு பக்கத்தில் பத்துப் பேர் என்றிருந்ததை, “அது நல்ல நாளில்; இப்போது ஏழெட்டுப் பேர்தான்” என்று திருத்தினார். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

முழுக் கட்டுரையையும் முன்கூட்டியே காட்டுவது என் வழக்கம் அல்ல. அதிகாரி ஒருவர் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். ஒரு முறை எங்களால் காயப்பட்டவருக்கு அவருடைய சொல்லை மட்டும் காட்டுவது வேறு என்று நினைத்தேன். சக பயிற்றுநர் இன்றும் இதை ஏற்கவில்லை.

கடற்றொழிலாளர் சங்கம் அடுத்த கூட்டத்தில் பாட்டு எல்லையை ஒரு விடயமாக எடுத்தது. படகுக்காரர் இருவர் தங்கள் படகுகளைக் கொஞ்சம் தள்ளி ஏற்றினார்கள். வேலி அப்படியே இருக்கிறது. மருமகன் வீட்டுக்கு வந்து போகிறார். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் இனிப் பத்திரிகைக்காரரோடு பேசமாட்டார்கள் என்று மகன் சொன்னார். அந்த நட்டத்துக்கு எங்களிடம் திருத்தம் இல்லை.

மாற்றியவையும் மாற்றாதவையும்

அடுத்த பிரிவில் நேர்காணலுக்குப் போகுமுன் மாணவர் மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று உண்டு: நான் யார், எதற்காகக் கேட்கிறேன், எங்கே அச்சாகும், வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம். அது பதிவின் முதல் அரை நிமிடத்தில் இருக்க வேண்டும். ‘தானே’, ‘இல்லையா’ என்று முடியும் கேள்விகளைக் கொப்பியில் சிவப்பு மையால் அடிக்கிறோம். ‘ஓம்’ வந்தால், அது எதற்கான ஓம் என்று அறிய இன்னொரு கேள்வி: எப்போது பார்த்தீர்கள், எங்கே நின்று பார்த்தீர்கள். முதல் பதிவில் குறைந்தது ஐந்து நிமிடத்தை எழுதித் தராமல் எந்தச் செய்தியும் அச்சுக்குப் போகாது. தலைப்பை மாற்றும் பயிற்றுநர் அந்தப் பக்கத்தை வாசித்திருக்க வேண்டும். இந்த விதி எனக்காகவே எழுதப்பட்டது.

2006 ஐப் பற்றிய வகுப்பையும் மாற்றினேன். இப்போது துணிவில் தொடங்குவதில்லை. ஒரு படம் எதைக் காட்டியது, அதை எடுக்க எவ்வளவு கிட்டப் போக வேண்டும் என்பதில் தொடங்குகிறேன்.

இடம் மாற்றிக் கொடுக்கும் வழக்கத்தை விடவில்லை. தம்பலகாமத்துப் பிள்ளை கடலுக்குத்தான் போக வேண்டும். ஆனால் போகுமுன் ஒரு நாள், கொப்பி இல்லாமல், சும்மா போய் இருந்துவிட்டு வர வேண்டும். வந்து, விளங்காத சொற்களை மட்டும் எழுதித் தர வேண்டும். மாணவி இப்போது எங்கள் மடலுக்கு உதவி ஆசிரியர். அவருடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது: பாடு, மடி, அம்பா, வாடி என்று தொடங்கி இப்போது 60 ஐத் தாண்டிவிட்டது. மேன்முறையீட்டுக்கான பதில் இன்னும் வரவில்லை. தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போவதற்கான கடிதத்தை அவரே எழுதிக்கொண்டிருக்கிறார்.